உப்பளத்துத் தையல்சிட்டும் நான் எழுதிய பதினோரு அடியும்

பாண்டிச்சேரிக்கு மூன்று வாரத்துக்குள் இரண்டு தடவை போய்வந்தேன். முதல் தடவை ஆசையில் போனது, இரண்டாவது தடவை பயத்தில் போனது. இந்தப் பதிவு இரண்டாவது பயணத்தைப் பற்றியது. முதல் பயணத்தைப் பற்றி எழுதியது இப்போது இந்தத் தளத்தில் இல்லை. தேடி அலையாதீர்கள், நான்தான் நீக்கினேன். ஏன் நீக்கினேன் என்று சொல்வதற்குத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் திருச்சியில் கணக்கு வாத்தியார். வயது நாற்பத்தாறு, அதில் இருபது வருடமாகப் பறவை பார்க்கிறேன். போன இடத்துக்கு எல்லாம் வழி, நேரம், கட்டணம், தூரம் என்று எழுதிவைப்பது என் வழக்கம். 'உங்கள் பதிவை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு கிளம்பலாம் சார்' என்று நாலு பேர் சொல்லியிருக்கிறார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. "குருவி எத்தனை தடவை தும்முச்சுன்னுகூட எண்ணி எழுதுவீங்க" என்று வீட்டம்மா கேலி செய்வாள்.

ஜூலை கடைசி ஞாயிற்றுக்கிழமை உப்பளம் பக்கம் வாய்க்கால் ஓரமாகக் கொக்கு, நாரை பார்க்கப் போயிருந்தேன். வெயில் ஏறியதும் ஒரு சந்துக்குள் நிழலுக்கு ஒதுங்கினேன். அங்கே ஒரு வீட்டு வாசலில் அஞ்சலை அக்கா பூக் கட்டிக்கொண்டிருந்தார். (பெயர் மாற்றியிருக்கிறேன்.) காலையில் மல்லியும் கனகாம்பரமும் வாங்கிவந்து, கட்டி, பத்து மணிக்குள் கடைகளுக்குக் கொடுத்துவிடுவார். பக்கத்தில் ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் வாழைநார் ஊறிக்கொண்டிருந்தது. நான் குடிக்கத் தண்ணீர் கேட்டு நிற்கும்போதே ஒரு குட்டிக் குருவி கிண்ண விளிம்பில் வந்து உட்கார்ந்து, நாரின் ஓரத்தில் ஓர் இழையைக் கிழித்துக்கொண்டு பறந்தது.

"பாத்தீங்களா சார், திருட்டுக் கழுதைய? தெனம் வருது. நான் நாரு கிழிச்சு வெச்சா போதும், எங்கேர்ந்துதான் பாக்குமோ!" என்றார் அக்கா. திட்டுகிற குரலில் செல்லம்தான் இருந்தது.

அதுதான் தையல்சிட்டு. முதுகு இலைப்பச்சை, வயிறு வெளுப்பு, நெற்றியில் துருப்பிடித்த மாதிரி ஒரு சிவப்பு. உடம்பு என் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிது, குரல் மட்டும் தெருவையே கூப்பிடும். வாலைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு 'ட்விட், ட்விட், ட்விட்' என்று கத்தும்போது தொண்டையின் இரண்டு பக்கமும் ஒரு கறுப்புத் திட்டு தெரியும், வாயை மூடினால் மறைந்துவிடும். முட்டையிடும் காலத்தில் ஆணுக்கு வாலின் நடு இறகுகள் நீண்டுவிடும். காடு மலை எல்லாம் இதற்குத் தேவையில்லை. நாலு செடி, கொஞ்சம் பூச்சி, அகலமான இலை, இவ்வளவு இருந்தால் வீட்டுக் கொல்லையிலேயே குடும்பம் நடத்தும்.

பெண்தான் தைக்கும். இலையின் ஓரத்தில் அலகால் ஓட்டை போட்டு, நாரையோ சிலந்தி நூலையோ அதில் நுழைத்து இழுக்கும். வெளியே வந்த முனை பஞ்சாகப் பிரிந்து தடித்துக்கொள்வதால் திரும்ப உருவிக்கொண்டு போகாது. முடிச்சும் கிடையாது, ஒன்றும் கிடையாது. இப்படி இலையைப் பை மாதிரி ஆக்கி, உள்ளே எருக்கம்பஞ்சு வைத்துக் கூடு கட்டும். கூடு இருக்கும் இலையும் செடியோடு உயிரோடு இருப்பதால் பக்கத்தில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்தது. நாரைத் தூக்கிக்கொண்டு போன திசையில் ஒரு மணி நேரம் கவனித்தேன். இடுப்பளவு உயரத்தில் ஒரு பாதாம் கன்று, அதன் இலைக்குள் கூடு, கூட்டில் மூன்று முட்டை. உள்ளே மெத்தை குறைந்துவிட்டதோ என்னவோ, அடைகாக்கும்போதும் அந்தப் பெண் குருவி நார் எடுத்துக்கொண்டிருந்தது. கிளம்பும் முன் அக்காவுக்கு ஒரு பிரசங்கம் வேறு செய்தேன். பூனையை விடாதீர்கள், பிள்ளைகளை அண்ட விடாதீர்கள், யாரும் இலையைத் தொடக் கூடாது, பத்திரம் பத்திரம் என்று. அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். காலாப்பட்டில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் அவர் மகள் புவனா என் எண்ணை வாங்கிக்கொண்டாள்.

ஊருக்கு வந்த நாலாம் நாள் பதிவு போட்டேன். எந்தச் சந்து, தெருக்குழாயிலிருந்து பதினோரு அடி, நீல நிற கேட்டுக்கு இடப்புறம், இடுப்பளவு உயரத்தில் ஒரு செடி. எல்லாம் எழுதினேன். பெருமையாகப் புவனாவுக்கும் அனுப்பிவைத்தேன். பதில் வரவில்லை. படிப்பில் மும்முரமாக இருப்பாள் என்று விட்டுவிட்டேன்.

பதினைந்து நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை மதிய இடைவேளையில் பதிவுக்குக் கீழே ஒரு பின்னூட்டம் பார்த்தேன். 'நன்றி சார். நீங்கள் சொன்ன இடத்துக்குப் போனோம், கூடு கிடைத்தது. மறைத்திருந்த இலைகளை மட்டும் கொஞ்சம் வெட்ட வேண்டியிருந்தது.' கூடவே ஒரு படம். இரண்டு இலைக்கு நடுவே கூடு, சுற்றிலும் வெட்டிய காம்புகள், மேலே நேராக உச்சி வெயில்.

சாப்பாட்டு டப்பாவை அப்படியே மூடிவிட்டேன். மறைவு போன கூட்டைக் காக்காய் பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கும். காக்காய் விட்டால் வெயில் கொல்லும். நாள் கணக்குப் பார்த்தேன், முட்டை பொரிந்து குஞ்சு வந்திருக்கவேண்டிய சமயம். அந்தப் பாவிகள் கையில் கத்தரிக்கோலை நான்தான் கொடுத்து அனுப்பிய மாதிரி இருந்தது. 'கூடு நன்றாக இருக்கிறதா?' என்று புவனாவுக்குக் கேட்டு அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்து ஒரே வரி பதில் வந்தது: 'அம்மா உங்கள நேர்ல வரச் சொல்றாங்க சார்.'

சனிக்கிழமை பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன். திருச்சியில் காலை ஆறே காலுக்கு ரயில், விழுப்புரத்தில் ஒன்பது பத்துக்கு இறங்கினேன். அங்கிருந்து பாண்டிக்கு பஸ், நாற்பது கிலோமீட்டர், முப்பத்தைந்து ரூபாய். வளவனூர், மதகடிப்பட்டு, வில்லியனூர் எல்லாம் சீக்கிரம் ஓடிவிட்டன. ரெட்டியார்பாளையத்தில் நெரிசலில் பதினேழு நிமிடம் நின்றது. சாதாரணமாக நான் அந்த நேரத்தில் ஒரு டீக்கடையாவது குறித்துவைத்திருப்பேன். அன்றைக்கு நோட்டை வெளியே எடுக்கவே இல்லை.

பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார், நூற்றிருபதுக்கு ஒத்துக்கொண்டார். சந்தின் பேரைச் சொன்னதும் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா சார், நீங்களும் குருவிக்கா? போன வாரத்துக்கு மொத வாரம் ரெண்டு பேர அங்கதான் எறக்கி வுட்டேன். இம்மாம் பெரிய கேமரா. போனப் பாத்துக்கினே அடி எண்ணிக்கினு போனாங்க."

"அப்படியா?" என்றேன்.

"எவனோ நெட்டுல எழுதி வெச்சிருக்கானாம் சார். வேலை இல்லாதவன்!"

சந்து முனையில் இறங்கினேன். பேசியபடி நூற்றிருபது கொடுத்தேன். மேலே ஒரு பத்து ரூபாய் எதற்குக் கொடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

சந்துக்குள் நுழைந்ததும் தெருக்குழாய், அங்கிருந்து என் கால் தானாக எண்ண ஆரம்பித்தது. பதினோரு அடியில் செடியைக் காணோம். செடி இருந்த இடத்தில் குறுக்கே கயிறு கட்டி, ஒரு பழைய மஞ்சள் புடவை தரையைத் தொடும்படி தொங்கியது. பக்கத்துச் சாக்கடை ஓரத்தில் காய்ந்த இலைகளும் வெட்டுப்பட்ட குச்சிகளும் கிடந்தன. செடியையே வெட்டிப் போட்டுவிட்டார்கள், இனி எதற்கு என்று துணி காயப்போட்டிருக்கிறார்கள். அப்படித்தான் நினைத்தேன்.

அஞ்சலை அக்கா வாசலில் அதே இடத்தில் சாயங்காலத்துக்கான பூவைக் கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். கை நிற்கவில்லை.

"வாங்க சார். வந்துட்டீங்களா? அன்னிக்கு எனக்கு அவ்வளவு புத்தி சொன்னீங்களே, பூனைய வுடாத, புள்ளைங்கள வுடாதன்னு. பூனை படிக்குமா சார்? நீங்க எழுதுனத பூனையா படிச்சுட்டு வந்துது?"

"தப்புதான்க்கா" என்றேன்.

"எம் பொண்ணு படிச்சுக் காட்டுனா. கொழா, பதினோரு அடி, நீலக் கேட்டு! பத்திரிகை அடிச்சுக் கல்யாணத்துக்குக் கூப்புட்ட மாதிரி இருக்குது. எதுக்கு சார் இந்த வேலை உங்களுக்கு?"

வகுப்பில் வீட்டுப்பாடம் செய்யாத பையன்கள் என் முன்னால் எப்படி நிற்பார்களோ அப்படி நின்றேன். புவனா உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். உட்கார மனம் வரவில்லை. அந்த மஞ்சள் புடவையை ஒதுக்கிப் பார்க்கலாம் என்று ஓர் அடி எடுத்து வைத்தேன்.

"ஐயோ, தொடாதீங்க சார்! எட்ட நின்னு காது குடுத்துக் கேளுங்க" என்று அக்கா கத்தினார்.

நின்றேன். தெருமுனையில் ஒரு பைக் போய் ஓய்ந்தது. புடவைக்குப் பின்னாலிருந்து மெல்லிசாக, 'ட்சீ, ட்சீ' என்று குஞ்சுகள் குரல் கொடுத்தன. அதே நேரம் வாயில் ஒரு பச்சைப் புழுவோடு தாய்க்குருவி கயிற்றில் வந்து உட்கார்ந்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, புடவை ஓரமாக உள்ளே நுழைந்தது. குரல் மூன்று மடங்கானது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கப்படாமல் சொல்கிறேன். நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தேன்.

"அப்படின்னா அந்தப் படம்?" என்று கேட்டேன்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டிய சரத்தை மடியில் வைத்துவிட்டுச் சொன்னார். என் பதிவைப் புவனா படித்துக் காட்டிய அன்று சாயங்காலமே புடவையைத் தொங்கவிட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கேமராக்காரர்கள் இரண்டு பேர் குழாயடியில் அடி எண்ண ஆரம்பித்ததும் தானே எழுந்துபோய், "கூடுதானே? வாங்க, காட்டுறேன்" என்று வீட்டுக்குப் பக்கவாட்டில் இருக்கும் கொய்யாச் செடிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அங்கே சித்திரையில் இதே ஜோடி கட்டிய பழைய கூடு ஒன்று இருந்தது. அப்போது பூனை குஞ்சுகளைத் தின்றுவிட்டதாம். வெறும் கூடு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

"பதினோரு அடின்னு போட்டிருக்குதேன்னு ஒருத்தன் கேட்டான் சார். எழுதுன ஆளுக்கு எண்ணத் தெரியலப்பான்னு சொல்லிட்டேன்."

இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு நடத்துகிறவனுக்கு இதைவிட நல்ல வார்த்தையை யாரும் சொன்னதில்லை.

"அவங்க நம்பிட்டாங்களா?"

"போன்ல குருவிச் சத்தம் போட்டானுங்க. நம்ம ஆம்பளக் குருவி எவனோ தன் எடத்துக்கு வந்துட்டான்னு கோவமா வந்து கொய்யாவச் சுத்திச் சுத்திக் கத்துச்சு. அப்புறம் நம்பாம? ஆனா, இங்க குஞ்சுங்க பசியில கத்துது, இது அங்க போயி சண்டைக்கு நிக்குது. எனக்கு வயிறு எரிஞ்சுது. பக்கத்து வூட்டுல பச்சப்புள்ள தூங்குது, சத்தத்த நிறுத்துங்கன்னு ஒரு பொய் சொன்னேன். நிறுத்திட்டானுங்க. நாலு மணி நேரம் அந்த வெறுங்கூட்ட வெச்சுக்கினு உக்காந்திருந்தாங்க. பாவமா இருந்துது, மோர் குடுத்தேன். எலய வெட்டிச் சாக்கடையோரம் போட்டது நான் கடைக்குப் போயிருக்கச்சொல்ல சார், இருந்தா வுட்டிருக்க மாட்டேன்."

நான் போனை எடுத்து அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். வரி வரியாக நரம்பு எழும்பிய கொய்யா இலை. பாதாம் இலை இதைவிட இரண்டு மடங்கு அகலம், நுனி பக்கம் விரிந்திருக்கும், வழவழவென்று இருக்கும். குழந்தை கூடச் சொல்லும். நான் வியாழக்கிழமையிலிருந்து அந்தப் படத்தை நூறு தடவை பார்த்திருப்பேன், வெட்டிய காம்பைத்தான் பார்த்தேன்.

"இருவது வருசமா குருவி பாக்குறீங்க, எலயப் பாக்க மாட்டீங்களா சார்?" என்று புவனா கேட்டாள். "நீங்க பதிவுலயும் என்ன செடின்னு எழுதல. பஸ் டிக்கெட்டு எவ்ளோன்னு எழுதியிருக்கீங்க, செடி பேர எழுதல. அதனாலதான் அம்மா ஏமாத்த முடிஞ்சுது."

"இதை எனக்குப் போனிலேயே சொல்லியிருக்கலாமே புவனா. இரண்டு நாள் தூக்கமில்லை."

"நான் சொல்றேன்னுதான் சொன்னேன். அம்மா வுடல. அந்த ஆளு நேர்ல வரட்டும், நேர்ல திட்டுனாதான் எனக்கு ஆறும்னுட்டாங்க."

அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து பதிவை நீக்கினேன். நீங்கிவிட்டதா என்று புவனா தன் போனில் சரிபார்த்து அம்மாவுக்குக் காட்டினாள். பின்னூட்டக்காரருக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினேன். அது வெறுங்கூடு என்று அப்போது சொல்லவில்லை. இலை வெட்டுவதும் ஒலி போடுவதும் என்ன செய்யும் என்று மட்டும் நீளமாக, வாத்தியார் பாணியில் எழுதினேன். மறுநாள் 'தெரியாமல் செய்துவிட்டோம் சார்' என்று பதில் வந்தது, நல்ல மனிதர்தான்.

இரவு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு விடுதியில் தங்கினேன், தொள்ளாயிரம் ரூபாய், கொசு தாராளம். ஆனாலும் அடித்துப் போட்ட மாதிரித் தூங்கினேன். ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்குச் சந்தில் இருந்தேன். எதிர்ச் சுவரோரம், செடியிலிருந்து முப்பது அடி தள்ளி, ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அக்கா எனக்கு இடம் கொடுத்தார். புடவையை ஒரு பக்கமாக அவரே மெதுவாக ஒதுக்கிவிட்டார்.

அப்பாவும் அம்மாவும் மாறி மாறி வந்தன. வரும்போது புழு, போகும்போது குஞ்சின் எச்சத்தை வெள்ளைப் பொட்டலமாக வாயில் தூக்கிக்கொண்டு போய்த் தூரத்தில் போட்டன. வாசனை பிடித்து எதுவும் வரக் கூடாது என்கிற எச்சரிக்கை. ஆறரைக்கு மேல் ஆண் உள்ளே போகவில்லை. வாயில் பூச்சியை வைத்துக்கொண்டு எதிர்க் கிளையில் நின்று கூப்பிட ஆரம்பித்தது. வேண்டுமென்றால் வெளியே வா என்கிறது. ஆறு நாற்பதுக்கு முதல் குஞ்சு இலை விளிம்பில் ஏறியது. வால் என்று சொல்ல ஒன்றுமில்லை, பஞ்சுருண்டை. கண்ணை மூடிக்கொண்டு குதித்த மாதிரிதான் குதித்தது. கிளையைப் பிடித்துக்கொண்டது. எட்டு நிமிடத்தில் இரண்டாவது.

மூன்றாவது வர ஏழு இருபது ஆனது. அது கிளையைத் தவறவிட்டு நேராகத் தரையில், சாக்கடைக்கு ஒரு சாண் இப்பால் விழுந்தது. மின்கம்பியில் இருந்த காக்காய் கீழே இறங்கியது. நான் வாளியிலிருந்து எழுவதற்குள் அஞ்சலை அக்கா கையிலிருந்த ஈர நார்க் கட்டைக் காக்காய் மேல் வீசிவிட்டார். "போ சனியனே! இதுங்கள இதுவரைக்கும் காப்பாத்துனது உனக்குக் குடுக்கவா?" காக்காய் கூரைக்குப் போனது. அவர் குஞ்சைத் தொடவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நடுவே காவல் நின்றார். தாய்க்குருவி அவர் காலுக்கு இரண்டடி தள்ளி இறங்கி, கூப்பிட்டுக் கூப்பிட்டு, குஞ்சைத் தத்தித் தத்திப் பக்கத்து வீட்டுக் காகிதப்பூப் புதருக்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டது. முள் அடர்ந்த புதர். காக்காய் நுழைய முடியாது.

"அப்பாடா" என்றேன். சந்தே கேட்டிருக்கும். அக்கா வீசிய நாரை எடுத்து உதறிவிட்டு வாசலுக்குப் போய் உட்கார்ந்தார். அன்று பூ கடைக்குப் போக அரை மணி நேரம் தாமதம். வீட்டம்மாவுக்கு நாலு முழம் மல்லி வாங்கிக்கொண்டு பத்து மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

தையல்சிட்டு பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். இதற்காகப் பாண்டிக்குப் போகவேண்டியதில்லை. உங்கள் தெருவிலேயே இருக்கும், காலையில் காது கொடுங்கள். கூடு கண்டால் தள்ளி நில்லுங்கள். வாயில் இரையை வைத்துக்கொண்டு குருவி உள்ளே போகாமல் தயங்குகிறது என்றால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம், பின்வாங்குங்கள். போனில் அதன் குரலைப் போட்டு அழைக்காதீர்கள். இலை மறைத்தால் மறைக்கட்டும், படம் நன்றாக வரவில்லை என்று யாரும் உங்களை ஜெயிலில் போடப்போவதில்லை. முக்கியமாக, குஞ்சுகள் பறந்து போகும்வரை இடத்தை எங்கேயும் எழுதாதீர்கள், போனபிறகும் எழுதாதீர்கள், அதே இடத்துக்குத் திரும்ப வரும். ரயில், பஸ் கணக்கெல்லாம் மேலே சொன்னது அத்தனையும் சரி. உப்பளம் பெரிய இடம், சந்துகள் நிறைய. செடிகளின் பெயரையும் புடவையின் நிறத்தையும் மாற்றி எழுதியிருக்கிறேனா என்று கேட்டுப் பின்னூட்டம் போடவேண்டாம்.

இதை எழுதி முடிக்கும்போது அஞ்சலை அக்காவிடமிருந்து போன் வந்தது.

"சார், கிண்ணத்துல நாரு மறுபடியும் காணாமப் போவுது."

சந்தோஷத்தில் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். "மறுபடியும் கட்டுதா! எந்தச் செடியிலக்கா?"

அவர் சொன்னார்: "அது எதுக்கு சார் உங்களுக்கு?"